சாசரையும் லாங்லண்டையும் வாசிக்கும் முறை: இடைக்கால ஆங்கிலக் கவிதையும் அதன் சமூகமும்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர்களில் பலர், பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் மூல வரிகளைத் திறப்பதற்கு முன்பே நோட்ஸைத் திறந்துவிடுகிறார்கள். அந்த நோட்ஸில், சாசர் தம் காலத்து இங்கிலாந்தைக் கண்ணாடியைப் போல் காட்டுகிறார் என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெற்றிருக்கும். அதை நம்பி வாசிக்கத் தொடங்குபவர் கவிதையையும் இழக்கிறார், சமூகத்தையும் இழக்கிறார். கவிதையை முதலில் காதால் கேட்டு, பிறகு யார் பேசுகிறார், அவர் எங்கிருந்து எடுத்துப் பேசுகிறார் என்று விசாரித்து, அதன் பிறகே அதைச் சமூகத்துக்குச் சான்றாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாணவர்களுக்கும், பாடத்திட்டத்துக்கு வெளியே ஆர்வத்தால் வாசிக்க வருவோருக்கும் உதவும் வகையில் அந்த வழியை இங்கே விளக்குகிறேன்.

இடைக்கால ஆங்கிலம் என்று சொல்லும்போது எந்த ஆங்கிலத்தைச் சொல்கிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். 3182 வரிகளைக் கொண்ட ‘பேயோவுல்ஃப்’ காவியம் பழைய ஆங்கிலத்தில் அமைந்தது. அதைத் தனி மொழியாகவே கற்க வேண்டும் என்பதால், தொடக்கத்தில் மொழிபெயர்ப்பில் வாசித்தால் போதும். 1066ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்குப் பிறகு அரசவையில் பிரெஞ்சும் திருச்சபையில் லத்தீனும் ஆண்டன. ஆங்கிலம் உழவர் வீட்டிலும் சந்தையிலும் வாழ்ந்தது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடைபெற வேண்டும் என்று சட்டம் வந்தது 1362இல்தான். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெஃப்ரி சாசர், வில்லியம் லாங்லண்ட், ஜான் கௌவர், ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ எழுதிய பெயர் தெரியாத கவிஞர் ஆகிய நால்வர் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதினார்கள். சாசரின் ‘கான்டர்பரி கதைகள்’, கான்டர்பரிக்குப் புனிதப் பயணம் செல்வோர் வழியில் கதைகள் சொல்வதாக அமைந்த நூல்; அந்தப் பயணிகளை அறிமுகப்படுத்தும் பொது முன்னுரையில் 858 வரிகள் உள்ளன. உங்கள் வாசிப்பை அங்கிருந்து தொடங்குங்கள்.

தொடங்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். இன்றைய ஆங்கில உச்சரிப்பை முற்றிலும் மறந்துவிட வேண்டும், ஏனெனில் ஆங்கில நெடில் உயிர்களின் ஒலியைத் தலைகீழாக மாற்றிய பெரும் மாற்றம் சாசருக்குப் பிந்திய நூற்றாண்டுகளில்தான் நிகழ்ந்தது. அவர் காலத்தில் ‘டைம்’ என்பது ‘டீமெ’ என்றும், ‘ஹவுஸ்’ என்பது ‘ஹூஸ்’ என்றும், ‘நேம்’ என்பது ‘நாமெ’ என்றும் ஒலித்தன. எழுதிய எழுத்தெல்லாம் ஒலிக்கும் என்பதால், ‘நைட்’ என்று நாம் பழகிய சொல்லைச் சாசர் ‘க்னிஃட்’ என்பதற்கு நெருக்கமாகச் சொல்லியிருப்பார். ‘அஃது’ என்னும்போது ஆய்தத்தை எப்படி ஒலிக்கிறோமோ, ஏறக்குறைய அப்படியே அந்த நடு ஒலியையும் ஒலித்துவிடலாம். குறில், நெடில் வேறுபாட்டோடும் உருளும் ரகரத்தோடும் வளர்ந்த தமிழருக்கு இந்த உச்சரிப்பு இன்றைய லண்டன்காரருக்கு வருவதைவிட எளிதாக வரும். விளவங்கோடு வட்டாரத்தில் மலையாளமும் காதில் விழ வளர்ந்தவர்கள், வல்லின ஒலிகளின் வேறுபாட்டைக்கூடத் தனி முயற்சியின்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். முன்னுரையின் முதல் இரண்டு வரிகளை இப்படி வாசித்துப் பாருங்கள்: ‘ஹ்வான் தாத் ஆப்ரில் வித் ஹிஸ் ஷூரெஸ் ஸோட்டெ, த ட்ருஃக்த் ஆஃப் மார்ச் ஹாத் பேர்ஸெட் டோ த ரோட்டெ.’ வரியின் கடைசியில் வரும் ‘எ’ மெலிதாக ஒலிக்க வேண்டும். வரிக்கு நடுவில் வரும் சொல்லின் கடைசி ‘எ’, அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மறைந்துவிடும். நம் குற்றியலுகரம் உயிர் வரும்போது கெடுவதை இலக்கண வகுப்பில் படித்தவருக்கு இந்த விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சாசர் வரியிறுதி இயைபை நம்பி எழுதுகிறார். லாங்லண்டும் கவெய்ன் கவிஞரும் மோனையை நம்பி எழுதுகிறார்கள். மோனைக் கவிதையின் ஒவ்வொரு வரியும் இரண்டு பாதிகளாகப் பிரியும். நான்கு அழுத்தங்களில் பொதுவாக முதல் மூன்றும் ஒரே ஒலியில் தொடங்கும். லாங்லண்டின் ‘பியர்ஸ் ப்ளௌமன்’ தொடங்கும் வரியில் நான்குமே ஸகரத்தில் தொடங்குகின்றன: ‘இன் அ ஸுமர் ஸேஸூன், ஹ்வன் ஸொஃப்தெ வாஸ் த ஸுன்னெ.’ எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனையாகலாம் என்பது அவர்கள் மரபு. அகரத்துக்கு ஆகாரமும் ஐகாரமும் ஔகாரமும் மட்டுமே இனம் என்று வகுத்துக்கொண்ட நம் மரபு, இந்த ஓரிடத்தில் அவர்களைவிடக் கட்டுப்பாடு மிகுந்தது. சாசரின் பங்குக் குரு, தாம் தென்னாட்டுக்காரர் என்றும், ‘ரம், ராம், ரஃப்’ என்று எழுத்தடுக்கிக் கதை சொல்லத் தமக்குத் தெரியாது என்றும் தம் கதைக்கு முன் சொல்வார். வடக்கும் மேற்கும் மோனைப் பாட்டுக்கு உரியவை, லண்டன் வட்டாரம் இயைபுக்கு உரியது என்ற அன்றைய இலக்கிய எல்லைக்கோடு அந்த ஒரு வரியில் தெரிகிறது. கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் மோனைக் கவிதையில் சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவதைக் குறையாக எண்ண மாட்டார்கள். கேட்பவருக்காகக் கட்டப்பட்ட பாட்டுக்கு அந்தத் திரும்பல் தேவைப்படுகிறது.

ஒலி பழகிய பிறகு முன்னுரையின் முதல் வாக்கியத்தை முழுமையாக எடுத்துக்கொள்ளுங்கள். அது 18 வரிகளுக்கு நீள்கிறது. மழை பெய்யும்போது, காற்று வீசும்போது, பறவைகள் பாடும்போது என்று அடுக்கிக்கொண்டே போய், மக்கள் புனிதப் பயணம் செல்ல விரும்புகிறார்கள் என்ற முதன்மைச் செய்தியைப் பன்னிரண்டாம் வரியில்தான் சொல்கிறார். வினைமுற்றுக்குக் காத்திருந்து பழகிய தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு தடையாக இராது. முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் தமிழ் உரைநடையில் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. ஆனால் அங்கே வரும் பருவத்தில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. நம் ஏப்ரல் வெயிலை அங்கே கொண்டுபோகக் கூடாது. பனிக்காலம் விலகி முளை விடும் மாதம் அது. இளஞ்சூரியன் மேஷத்தில் தன் பாதி ஓட்டத்தை முடித்துவிட்டது என்று சாசர் எழுதுவதைக் கண்டு, மேஷம் என்றால் சித்திரை என்று நம் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதும் சரிவராது. மேலை மரபு சம இரவு நாளிலிருந்து ராசியைக் கணக்கிடுவதால், அவர் காலத்து நாட்காட்டிப்படி சூரியன் மார்ச் நடுப்பகுதிக்குச் சற்று முன்பே மேஷத்தில் நுழைந்துவிடும். அஸ்ட்ரோலேப் என்னும் வானியல் கருவியைப் பயன்படுத்தும் முறை பற்றி ஒரு சிறுவனுக்காக உரைநடை நூல் எழுதியவர் சாசர்; அவருடைய வானியல் குறிப்புகளை அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது.

இனி, சமூகத்துக்கு வருவோம். இறைவனை வேண்டுபவர், போரிடுபவர், உழைப்பவர் என்று சமூகத்தை மூன்றாகப் பகுத்துக் காண்பது அன்றைய கொள்கை. கொள்கை அப்படியிருக்க, 1348இலும் 1349இலும் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அழித்தது. உழைக்கும் கைகள் குறைந்ததால் கூலி ஏறியது. நோய்க்கு முந்திய அளவிலேயே கூலி கொடுக்கப்பட வேண்டும் என்று 1351இல் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. யார் எந்தத் துணி அணியலாம் என்று தகுதிவாரியாக வகுத்த சட்டம் 1363இல் வந்து விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. 1377 முதல் தலைவரி மூன்று முறை விதிக்கப்பட்டு, 1381இல் உழவர் எழுச்சியாக வெடித்தது. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; முன்னுரையில் எவருடைய உடையையாவது சாசர் வருணிக்கும்போதெல்லாம் அந்தத் தாளைப் பாருங்கள். கைவினைச் சங்கத்தார் ஐவரின் கத்தி உறைகள் பித்தளையில் இல்லாமல் முழுவதும் வெள்ளியில் இருந்தன என்று அவர் சொல்வதை, பழைய வரிசையை மீறி மேலேறும் ஒரு வகுப்பின் அடையாளமாக அப்போது வாசிப்பீர்கள்.

திருச்சபையைச் சேர்ந்த பாத்திரங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் இடர். மடத்துக்குள் நியமப்படி வாழ வேண்டிய துறவி வேறு. ஊர் ஊராகச் சென்று இரந்துண்டு போதிக்க வேண்டிய சபைத் துறவி வேறு. ஓர் ஊரின் ஆன்மாக்களுக்குப் பொறுப்பான பங்குக் குரு வேறு. கடலோரப் பங்குகளில் வளர்ந்த மாணவர்களுக்கு இந்த வேறுபாடு வீட்டிலேயே தெரிந்திருக்கிறது என்பதால், வகுப்பில் அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். சாசரின் மடத்துத் துறவி வேட்டைக் குதிரைகளோடு அலைகிறார், சட்டைக் கையின் ஓரத்தில் விலையுயர்ந்த சாம்பல் நிற அணில் மென்மயிர் வைத்துத் தைத்திருக்கிறார். சபைத் துறவிக்கு ஊரிலுள்ள மதுக்கடைகளைத் தெரிந்த அளவுக்குத் தொழுநோயாளிகளைத் தெரியாது. நல்ல காணிக்கை கிடைக்கும் இடத்தில் எளிய பரிகாரம் விதிக்கிறார். பங்குக் குருவோ, பத்திலொரு பங்கு காணிக்கை செலுத்தாதவரைச் சபைநீக்கம் செய்ய மனம் வராதவர். முதலில் செய்து காட்டிவிட்டுப் பிறகு போதிப்பவர். அவருடைய உடன்பிறந்தவன் உழவன். வேண்டுபவரும் உழைப்பவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்று சாசர் வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

இப்போது ஒரே ஒரு பாத்திரத்தை அருகில் வைத்துப் பார்ப்போம், ஏனெனில் முறை அங்கேதான் துலங்கும். கன்னியர் மடத்துத் தலைவியான எக்லன்டைன் அம்மையார் உணவருந்தும் விதத்தைச் சாசர் பல வரிகளில் வருணிக்கிறார். வாயிலிருந்து ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை. குழம்பில் விரல்களை ஆழமாக நனைக்கவில்லை. மேலுதட்டை அவ்வளவு தூய்மையாகத் துடைத்துக்கொண்டார் என்பதால், குடித்த பிறகு கிண்ணத்தில் ஒரு பொட்டு நெய்ப்பசைகூட மிதக்கவில்லை. முள்கரண்டி அன்றைய இங்கிலாந்தின் உணவு மேசையில் இல்லை. கையால் உண்டார்கள், கிண்ணத்தைப் பக்கத்தில் இருப்பவரோடு பகிர்ந்துகொண்டார்கள். விரல் நுனி தாண்டிக் குழம்பு ஏறாமல் சாப்பிடச் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இந்த வரிகளின் நுட்பம் உடனே பிடிபடும். ‘அக்காலத்து உணவுப் பழக்கம் இதோ’ என்று பலர் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். இன்னும் ஓர் அடி போக வேண்டும். இந்த வருணனையைச் சாசர் எந்த மடத்திலும் நேரில் கண்டு எழுதவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ழான் த மேன் விரித்து எழுதிய பிரெஞ்சுக் கவிதையான ‘ரோஜாவின் கதை’யில், ஆண்களைக் கவர்வதற்கு இளம்பெண் எப்படி மேசையில் நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கிழவி சொல்லிக்கொடுக்கிறாள்; அந்த வரிகளையே எடுத்து ஒரு துறவியின் மேல் சாத்துகிறார் சாசர். கண்டதை எழுதியது போல் தோன்றும் இடமே நூலிலிருந்து எடுத்த இடம். அதனால் அது சமூகச் சான்று ஆகாது என்று பொருளில்லை. உயர்குடிப் பெண்கள் அரசவை நாகரிகத்தோடு மடத்துக்குள் வந்தார்கள் என்பதையும், அதைக் கண்டு சிரிக்கத் தெரிந்த கேட்போர் இருந்தார்கள் என்பதையும் அந்த எடுத்தாளுகை காட்டுகிறது. எக்லன்டைன் அம்மையார் அணிந்திருந்த பொன் பதக்கத்தில் ‘அன்பு எல்லாவற்றையும் வெல்லும்’ என்ற லத்தீன் தொடர் பொறிக்கப்பட்டிருந்தது. எந்த அன்பு என்பதைச் சாசர் சொல்லவே இல்லை.

பாத் ஊர்ப் பெண்ணிடம் இதே கேள்வியை இன்னும் அழுத்தமாகக் கேட்க வேண்டும். ஐந்து கணவர்களை மணந்தவள், மூன்று முறை எருசலேம் போய் வந்தவள், ஃபிளாண்டர்ஸ் நாட்டு ஈப்ர், கெண்ட் நகரங்களின் நெசவாளரையும் மிஞ்சும் துணி நெய்பவள், ஒரு காது சற்று மந்தமானவள். இங்கிலாந்தின் செல்வமே ஆட்டுமயிரிலும் கம்பளித் துணியிலும் இருந்த காலம் அது. 1374 முதல் 1386 வரை லண்டன் துறைமுகத்தில் ஆட்டுமயிர்ச் சுங்கத்தைக் கண்காணித்த அலுவலரான சாசர் அவளுக்குத் துணித்தொழிலைக் கொடுத்ததில் அறிந்து சொல்பவரின் உறுதி இருக்கிறது. ஆனால் தன் திருமணங்களைப் பற்றி அவள் நீளப் பேசும் பேச்சில், பெண்களுக்கு எதிராகத் திருச்சபை அறிஞர்கள், குறிப்பாகப் புனித ஜெரோம், எழுதிய வாதங்கள் நிறைந்திருக்கின்றன. அவள் அவற்றையே எடுத்துத் திருப்பி அடிக்கிறாள். அப்படியானால் பேசுவது அவளா, அவளைப் பேசவைக்கும் ஆணா? இந்தக் கேள்வி நாஞ்சில் நாட்டு வாசகருக்குப் புதியதன்று. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாடியபோது, ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் வாயால்தான், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் அந்தச் சொத்துரிமை முறையின் கொடுமையைச் சொன்னார். நகைச்சுவை எங்கே மிகைப்படுத்துகிறது, துயரம் எங்கே உண்மையைச் சொல்கிறது, பாடிய ஆண் எந்தச் சீர்திருத்தத்தை விரும்பினார் என்று பிரித்துப் பார்க்காமல், அந்தப் பாட்டை ஒரு பெண் நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலமாக நம்மில் யாரும் வாசிப்பதில்லை. பாத் ஊர்ப் பெண்ணுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மாலை வாசித்துப் பார்க்குமாறு மாணவர்களிடம் நான் எப்போதும் வேண்டிக்கொள்வேன்; தேர்வுக்கு உதவுகிறதோ இல்லையோ, இரு கவிதைகளும் அப்போது கூடுதலாகப் பேசுகின்றன.

சாசரோடு நிறுத்திக்கொண்டால் உழவனை ஓர் இலட்சிய உருவமாக மட்டுமே காண்பீர்கள். பசித்த உழவனைக் காண லாங்லண்டிடம் போக வேண்டும். ‘பியர்ஸ் ப்ளௌமன்’ முழுவதையும் உடனே வாசிக்க முயல வேண்டாம். அது மூன்று வடிவங்களில் கிடைக்கும், கனவுக்குள் கனவாகச் செல்லும் கடினமான கவிதை. இரண்டாம் வடிவத்தின் ஆறாம் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். அரை ஏக்கர் நிலத்தை உழுது முடிக்க எல்லோரையும் வேலைக்கு அழைக்கிறான் உழவன் பியர்ஸ். உழைக்க மறுப்பவர்களை அடக்கப் பசியையே ஓர் ஆளாக வரவழைக்கிறான். பசி தனக்குச் சாப்பாடு கேட்கும்போது பியர்ஸ் தன் வீட்டுக் கையிருப்பைச் சொல்கிறான்: கோழி வாங்கக் காசில்லை, வாத்தும் பன்றியும் இல்லை, புதுப் பாலாடைக்கட்டி இரண்டு, கொஞ்சம் தயிரும் பாலேடும், ஓட்ஸ் அடை ஒன்று, பிள்ளைகளுக்கென்று அவரையும் தவிடும் சேர்த்துச் சுட்ட ரொட்டி இரண்டு உள்ளன, கீரையும் முட்டைக்கோசும் தோட்டத்தில் உள்ளன, ஆகஸ்ட் முதல் நாளான லாமஸ் திருநாள் வரை இவற்றை வைத்தே வாழ வேண்டும், அதன் பிறகு அறுவடை வந்துவிடும். அறுவடைக்கு முந்திய வாரங்களின் வறுமையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வேறு வரிகளை அக்கால ஆங்கிலத்தில் நான் கண்டதில்லை. அறுவடை வந்ததும் காட்சி மாறுகிறது. நிலமில்லாத கூலியாட்கள் நேற்றைய முட்டைக்கோசைத் தொட மறுக்கிறார்கள். சுடச்சுட இறைச்சியும் மீனும் கேட்கிறார்கள். கூலி மிகுதியாகக் கிடைக்காவிட்டால், தொழிலாளரை வருத்தும் சட்டம் செய்த அரசனையும் அவனுடைய மன்றத்தையும் சபிக்கிறார்கள். 1351ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பெயர் சொல்லாமல் வந்து நிற்கிறது. லாங்லண்ட் கூலியாட்களைக் கண்டிக்கிறார். ஆயினும் அவர்களுடைய குரல் அவர் வரிகளில் பதிவாகிவிடுகிறது. 1381 எழுச்சியில் போதகர் ஜான் பாலின் பெயரால் சுற்றிய கடிதங்களில் பியர்ஸ் ப்ளௌமன் பெயர் இடம்பெற்றது. கவிஞர் கண்டித்தவர்களே அவர் படைத்த உழவனைத் தங்களவனாக எடுத்துக்கொண்டார்கள்.

கவிதை சொல்லாமல் விட்டதையும் குறித்து வையுங்கள். எழுச்சி நடந்த காலத்தில் சாசர் குடியிருந்தது லண்டன் நகர மதிலின் ஆல்ட்கேட் வாயிலுக்கு மேலே அமைந்த வீட்டில். எசெக்ஸ் பகுதியிலிருந்து வந்த கிளர்ச்சியாளர்கள் நுழைந்த வாயில் அது. அவ்வளவு அருகில் வாழ்ந்தவர், சேவலும் நரியும் பற்றிய தம் கதையில், துரத்துவோரின் கூச்சலுக்கு ஒப்பாகக் கிளர்ச்சித் தலைவன் ஜாக் ஸ்ட்ராவின் கூட்டம் ஃபிளெமிஷ்காரர்களைக் கொன்றபோது எழுப்பிய கூச்சலை ஓரிடத்தில் குறிப்பிடுவதோடு அந்த எழுச்சியை நேராகப் பெயர் சொல்லிப் பேசுவதை முடித்துக்கொண்டார். அரசின் ஊதியத்தில் வாழ்ந்தவர் அவர். 1360இல் பிரான்சில் சிறைப்பட்ட அவரை மீட்க அரசர் 16 பவுன் கொடுத்திருக்கிறார். சாசரைப் பற்றி நூற்றுக்கணக்கான அலுவலக ஆவணங்கள் எஞ்சியிருந்தும், ஒன்றுகூட அவரைக் கவிஞர் என்று குறிப்பிடவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஹார்வர்டு பல்கலைக்கழகம் சாசரின் வரிகளையும் அவற்றுக்கு அடியிலேயே இன்றைய ஆங்கில வடிவத்தையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதியும் இலவசமாகவே கிடைக்கிறது. நாளொன்றுக்கு முப்பது வரிகளுக்கு மேல் எடுக்க வேண்டாம். மூலத்தை இரண்டு முறை உரக்க வாசித்த பிறகே அடிவரியைப் பாருங்கள். முதலிலேயே அதைப் பார்த்துவிட்டால் கண் மூலத்துக்குத் திரும்பாது. நோட்டுப் புத்தகத்தின் இடப்பக்கத்தில் துணி, உணவு, பணம், கருவி, விலங்கு என்று கண்ணில் படும் பொருள்களை வரி எண்ணோடு எழுதுங்கள். வலப்பக்கத்தில் அதைச் சொல்பவர் யார், புகழ்கிறாரா, பழிக்கிறாரா, பழைய நூலிலிருந்து எடுத்தாரா என்று எழுதுங்கள். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரை, இடப்பக்கத்தில் உள்ளதைத் தேர்வுத் தாளில் சமூகச் செய்தியாக எழுத வேண்டாம். தனியாக வாசிப்பதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து வாசிப்பது நல்லது. ஒருவர் மடத்துத் துறவியையும் மற்றவர் ஆலைக்காரனையும் எடுத்துக்கொண்டு எதிரெதிரே அமர்ந்து வாசிக்கும்போது, முன்னுரை பாத்திரங்களின் பட்டியலாக இல்லாமல் பயணக் கூட்டமாக மாறிவிடும்.

முன்னுரைக்குப் பிறகு ஆலைக்காரனின் கதையையும், அதற்குப் பதிலடியாக வரும் பண்ணைக் கண்காணிப்பாளனின் கதையையும் சேர்த்து வாசியுங்கள். பிறகு பாத் ஊர்ப் பெண்ணின் முன்னுரை. பிறகு லாங்லண்டின் ஆறாம் பகுதி. ‘சர் கவெய்ன்’ கவிதையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வட்டார ஆங்கிலம் சாசருடையதைவிடக் கடினம் என்பதால், நல்ல மொழிபெயர்ப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு 2530 வரிகளையும் முடிக்கலாம். வேட்டையாடிய மானை வெட்டிப் பங்கிடும் முறையை அந்தக் கவிஞர் வெட்டு வெட்டாகச் சொல்லும் இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பை மூடிவிட்டு மூலத்தை வாய்விட்டு வாசியுங்கள். ‘கான்டர்பரி கதை’களுக்கு, துண்டுகளையும் சேர்த்து, எண்பதுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் எஞ்சியுள்ளன, இந்தக் கவிதைக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி. அந்தப் படி இருந்த, ராபர்ட் காட்டன் திரட்டிய நூல்தொகுப்பு 1731இல் தீப்பற்றியபோது, அதே தொகுப்பிலிருந்த ‘பேயோவுல்ஃப்’ ஏடுகளின் விளிம்புகள் கருகின. ‘கவெய்ன்’ ஏடு தப்பியது.